நக்கோ என்றால் வேண்டாம்

விமான நிலையத்தில் பைகளைப் படம் பிடிக்கிற மெஷினுக்கு என்மேல் ஏதோ தீராத கோபம். வரிசையில் நிற்கிற அத்தனை பேர் பையும் நேராகப் போய் விழும். என் பை உள்ளே நுழைந்தால் மட்டும் பெல்ட் நின்றுவிடும். கொஞ்சம் பின்னால் வரும், திரும்ப முன்னால் போகும், கடைசியில் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனியாகத் தள்ளப்படும். நான் அங்கே போய் நின்று, யாராவது வந்து திறக்கும்வரை என் பையையே வெறித்துக்கொண்டிருப்பேன்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் பின்னாலேயே வருகிற சம்பந்தியின் பை சிக்காமல் சிதறாமல் வழுக்கிக்கொண்டு போகுமே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அம்மா. செகந்திராபாத்தில் இருக்கிறாள். அவள் கணவர் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் ஹைதராபாத்தில் குஷாய்குடா. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியவர். அவர்கள் திருநெல்வேலி, நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். பையனும் அவள் பெண்ணும் புனேயில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, தாங்களே முடிவு செய்துகொண்டு வந்து சொன்னார்கள். பெரியவர்கள் தலையாட்டினோம். நேரில் அவளை நான் நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவள், இவள்தான். எழுதும்போது எதற்கு நடிக்க வேண்டும் என்று மனசுக்குள் கூப்பிடுகிறபடியே எழுதுகிறேன்.

பொறாமை என்று சொல்லிக்கொள்ள அசிங்கமாகத்தான் இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் நகையைப் பார்த்தோ புடவையைப் பார்த்தோ வந்ததில்லை இது. என் பையன் இங்கே பிறந்து இங்கே படித்தவன். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், கோபம் வந்தால் இந்தியில் வரும், பணிவாகப் பேச வேண்டுமானால் இங்கிலீஷில் வரும். தமிழில் பேசுடா என்று கெஞ்சிக் கெஞ்சி நானே அலுத்துப்போய் விட்டுவிட்டேன். கல்யாணமான ஆறாம் மாதம், என் எதிரில் உட்கார்ந்துகொண்டு சம்பந்திக்குப் போன் செய்தான். "என்ன அத்தை, எப்ப வாரீய? மாமாவையும் கூட்டிட்டு வாங்க" என்று முழுசாக, சுத்தமாக, திருநெல்வேலி இழுவையோடு பேசினான். நான் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். என் வயிற்றில் பிறந்தவனுக்கு என் பாஷையை அவள் ஆறு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதுவும் அவள் ஊர்ப் பாஷையாக.

மிச்சம் என்னிடம் இருந்தது புளிக்காய்ச்சல் ஒன்றுதான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது என்றால் உயிர். சோற்றில் போட்டுக் கிளறித் தந்தால் இரண்டு வேளையும் அதையே சாப்பிடுவான். மருமகளும் செய்து பார்த்தாள், அவள் அம்மாவும் செய்து அனுப்பினாள். நல்லாருக்கு என்பானாம், ஆனால் எங்கம்மா செய்யறது வேற மாதிரி இருக்கும் என்பானாம். இதை மருமகளே ஒருநாள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். அன்று முழுவதும் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்ததாக வீட்டுக்காரர் சொல்கிறார்.

ஆனால் அதைப் புனே கொண்டு சேர்ப்பதற்குள் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். முதல் தடவை பெரிய பெட்டியில் வைத்தேன். பெட்டியை வாங்கிக்கொள்கிற இடத்தில் இருந்த பெண், உள்ளே எண்ணெய்ச் சாமான் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கையில் எடுத்துக்கொண்டு சோதனைக்குப் போனால், ஊறுகாயெல்லாம் கைப்பையில் கூடாது, பெரிய பெட்டியில் வையுங்கள் என்றார்கள். பெட்டி அதற்குள் எங்கேயோ போய்விட்டது. இரண்டாம் தடவை யாரிடமும் மூச்சு விடாமல் பெட்டிக்குள் வைத்தேன். மூடி திறந்துகொண்டு, வாடாமல்லிக் கலர் பட்டுப்புடவை முழுக்க நல்லெண்ணெய். மூன்றாம் தடவை ஒரு முழுத் தேங்காய் கொண்டு போனேன். இங்கே ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அதே மாதிரித் தேங்காயைப் புனேயில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். போகிற தேங்காய் நல்லது, வருகிற தேங்காய் கெட்டது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. கேட்டால், ரூல் அம்மா, என்பார்கள். எந்த ரூல் என்று கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

ஊருக்குள்ளேயே பேகம்பேட்டில் விமான நிலையம் இருந்த காலத்தில் வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையாக டெல்லி போவார். என்ன கட்டிக் கொடுத்தேன் என்று ஒருவரும் திறந்து பார்த்ததாக அவர் சொன்னதில்லை. அதுவும் அவர் ராசியோ என்னவோ.

சம்பந்திக்கு இந்தக் கஷ்டம் ஒன்றும் கிடையாது. முறுக்கு, அதிரசம், நெய், ஒருதடவை பூத்தொடுக்கிற சின்னக் கத்தரிக்கோல்கூடக் கொண்டு போயிருக்கிறாள். "நமக்கு ஒண்ணுஞ் சொல்லலியே சம்பந்தி" என்பாள், ஏதோ என்னிடம் மட்டும் சொல்லும்படி நான் நடந்துகொண்டதுபோல.

போன வருஷம் பிள்ளைகள் புனேயில் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். குத்துவிளக்கு, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆண்கள் இருவரும் முன்னாடியே ரயிலில் போய்விட்டார்கள். நானும் அவளும் மறுநாள் மத்தியான விமானத்தில் போவதாக ஏற்பாடு. ரயில் கிளம்பிய பிறகு பையன் போன் செய்தான்.

"அம்மா, அந்தப் புளிக்காய்ச்சல் கொண்டு வா. ஃபர்ஸ்ட் சாப்பாடு அதான் இருக்கணும், புது வீட்டுல."

"கண்டிப்பா வேணுமாடா?"

"ஹவ் மா. நீ செஞ்சதுதான்."

நீ செஞ்சதுதான். அதையும் தமிழிலேயே சொன்னான். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் புனேக்கு நடந்தே போயிருப்பேன். புளியை ஊறப் போட்டு, வெந்தயமும் பெருங்காயமும் வறுத்துப் பொடித்து, எண்ணெய் மேலே மிதக்கிறவரை பக்கத்திலேயே நின்று கிளறினேன். பெரிய பெட்டியில் வைக்கிற தைரியம் பட்டுப்புடவையோடு போய்விட்டது. பாட்டிலில் அடைத்து மூன்று கவர் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். ஊறுகாய் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். இந்தியில் ஊறுகாய்க்கு அச்சார். முதல் தடவை அந்த வார்த்தைதான் என் கழுத்தை அறுத்தது.

இங்கே என் இந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகக் காய்கறி வண்டிக்காரர்களிடமும் ஆட்டோக்காரர்களிடமும் பொறுக்கிச் சேர்த்த ஹைதராபாத் இந்தி அது. கத்தரிக்காய் நக்கோ, கவர் நக்கோ என்று ஆரம்பித்து, எல்லாவற்றுக்கும் நக்கோதான் எனக்கு. வீட்டில் பால் இல்லை என்பதற்கும் நக்கோ, அவர் வீட்டில் இல்லை என்பதற்கும் நக்கோ. "அம்மா, நக்கோன்னா வேண்டாம். இல்லைங்கிறதுக்கு நை" என்று பையன் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெலுங்கில் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வான். எதிரில் இருக்கிறவனுக்குப் புரிகிறது, போதாதா என்று நானும் திருத்திக்கொள்ளவில்லை.

மெஷின் வழக்கம்போல என் பையைத் தனியாகத் தள்ளியது. சீருடை போட்ட ஒரு பெண் திறந்தாள். ஹைதராபாத்துப் பெண்ணோ மராட்டிப் பெண்ணோ தெரியாது. மூன்று கவரையும் பொறுமையாகப் பிரித்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அச்சார்?" என்று கேட்டாள்.

எனக்குப் பகீரென்றது. இது அச்சார் இல்லை என்று சொல்லியாக வேண்டும். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "அச்சார் நக்கோ! அச்சார் நக்கோ!" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நக்கோ?"

அப்பாடா, புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். "ஹவ், நக்கோ!" என்று, ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி தலையாட்டி அழுத்தமாகச் சொன்னேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு, பாட்டிலைப் பக்கத்தில் இருந்த நீலத் தொட்டிக்குள் போட்டாள். உள்ளே ஏற்கெனவே கிடந்த தண்ணீர் பாட்டில்கள்மேல் அது விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஊறுகாய் வேண்டாம், வேண்டாம் என்று ஒரு பொம்பளை இரண்டு கையையும் ஆட்டிச் சொன்னால், பாவம், அவள்தான் என்ன செய்வாள்? நான் பாய்ந்து தொட்டியைக் காட்டிக்காட்டி என்னவோ உளறினேன். போட்டது போட்டதுதான், எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அதற்கும் ரூல்.

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. சம்பந்தியின் பையையும் மெஷின் தனியாகத் தள்ளியது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை ஒளிக்க விரும்பவில்லை. அதே பெண், அதே மேஜை. உள்ளேயிருந்து மஞ்சள் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தாள். கறுப்பாக, எண்ணெய் மினுக்க, புளிக்காய்ச்சல். இவளும் கொண்டு வந்திருக்கிறாள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடி வா, உனக்கும் இருக்கிறது நீலத் தொட்டி என்று நினைத்தேன்.

"இது என்ன?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"பிரசாத்" என்றாள் சம்பந்தி.

அவ்வளவுதான். அந்தப் பெண் மூடியை அழுத்தி மூடி, டப்பாவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

அதுவும் இதுவும் ஒன்றுதான், அவளுடையதையும் தூக்கிப் போடு என்று காட்டிக்கொடுக்க என் வாய் துடித்தது. அதற்கு வேண்டிய இந்தி எனக்குத் தெரியாததால்தான் பேசாமல் இருந்தேன். பெருந்தன்மையால் இல்லை.

"பிரசாதம்னு பொய் சொல்லிட்டீங்களே" என்று நடந்துகொண்டே கேட்டேன். குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"பொய் எங்க சம்பந்தி? எதச் செஞ்சாலும் சாமிகிட்ட வச்சிட்டுத்தான எடுக்கோம்" என்றாள்.

பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

விமானத்துக்குக் கூப்பிடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தோம். பையன் நீ செஞ்சதுதான் என்று சொன்னதை நினைத்தேன். அவன் கேட்டால் என்ன சொல்வேன்? தமிழ் போய்விட்டது, இப்போது இதுவும் போய்விட்டது. புது வீட்டில் முதல் சாப்பாடு அவள் கையால். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சம்பந்தி அதைப் பார்த்துவிட்டாள். பிறகு மஞ்சள் மூடி டப்பாவை எடுத்து என் பைக்குள் வைத்தாள்.

"இத நீங்க செஞ்சதுன்னு குடுத்துருங்க சம்பந்தி. மாப்பிள்ள ஒங்க கையாலதான எதிர்பாத்துட்டு இருப்பாவ. நான் சும்மா ஒரு கைக்கு இருக்கட்டும்னுதான் கொண்டு வந்தேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வருஷமாகக் கண்ட இடத்தில் எல்லாம் சொன்ன நக்கோ, சொல்ல வேண்டிய அந்த ஒரு இடத்தில் வாயில் வரவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டேன்.

புது வீட்டில் ஹோமம் முடிந்து இலை போட்டபோது, சோற்றை ஆறவைத்து நானே கிளறினேன். வாசனை வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் எள் வறுத்துப் பொடித்துப் போட்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் எள் போடும் வழக்கம் கிடையாது. பையன் கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்துகொண்டேதான் அவன் இலையில் போட்டேன். அவன் ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா, எள்ளு போட்டிருக்கியா?"

"ஆமாண்டா. வறுத்துப் போட்டேன்."

"ஃபைனலி! இத்தனை வருஷமா இதுல என்னமோ குறையுதுன்னு நெனச்சிட்டே இருந்தேன். இப்பத்தான் கரெக்டா இருக்கு."

இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டான், மூன்றாவது தடவையும் வாங்கிக்கொண்டான். எங்கம்மா புளிக்காய்ச்சல் எப்படி என்று பக்கத்து இலைக்காரரிடம் பெருமை பேசினான். இத்தனை வருஷமா குறையுதா? கரண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். சம்பந்தி அடுத்த வரிசையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருதடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும், இவளும் சாதாரண மனுஷிதான் என்று.

நான்காம் நாள் நானும் சம்பந்தியும் விமானத்துக்குக் கிளம்பும்போது மருமகள் அந்த டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தாள்.

"இந்தாங்க அத்தை, ஒங்க டப்பா. காலியா குடுக்கக் கூடாதுல்ல, சீனி போட்டிருக்கேன்."

ஒங்க டப்பா. செகந்திராபாத் வீட்டு அலமாரியில் இதே மஞ்சள் மூடியில் நான்கு டப்பா வரிசையாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். அம்மாவைப் போலவே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாவும் பெண்ணும் சேர்ந்து எனக்குப் பிச்சை போட்டுவிட்டு, பிச்சை என்று வெளியில் தெரியாமலும் பார்த்துக்கொள்கிறார்கள். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

புனே விமான நிலையத்தில் மெஷின் என்னை மறக்கவில்லை. மீசை வைத்த ஒரு அதிகாரி பையைத் திறந்து, டப்பாவை எடுத்து மூடியைக் கழற்றினார். வெள்ளை வெளேரென்று சீனி. அவர் புருவம் உயர்ந்தது.

"இது உங்களுடையதா?" என்று இந்தியில் கேட்டார்.

என்ன வந்ததோ எனக்கு. நான்கு நாளாகப் பையனிடம் சொல்ல முடியாததை, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த மீசைக்காரரிடம் சொன்னேன். அதுவும் சரியான வார்த்தையைப் போட்டு.

"நை. மேரா நை."

இல்லை. என்னுடையது இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக நக்கோ சொல்லாமல் நை சொன்னேன். சொன்ன மறுகணம் அவர் முகம் மாறிவிட்டது. உங்களுடையது இல்லையா, பின்னே யாருடையது, யார் கொடுத்தது, எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். இன்னொரு அதிகாரியைக் கை தட்டிக் கூப்பிட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவர் கொடுக்கும் பொருளை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் மணிக்கு நாலு தடவை சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அந்த மேஜைக்கு முன்னால் நின்றேன்.

சம்பந்தியின் பை எப்போதோ வெளியே வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கத்திலிருந்து அவசரம் இல்லாமல் நடந்து வந்தாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஹமாரா ஹை" என்றாள்.

எங்களுடையது. என்னுடையது என்று சொல்லவில்லை, அவங்களுடையது என்றும் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை சீனியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொரு சிட்டிகை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"வாயத் தொறங்க சம்பந்தி."

அத்தனை பேர் எதிரில் வாயைத் திறந்தேன். மீசைக்காரர் சிரித்துவிட்டார். மூடியைப் போட்டு டப்பாவை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைத் திரும்பவும் என் பைக்குள் வைத்தாள். எந்த இடத்தில் எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று இவளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? வாயில் சீனி கரைந்துகொண்டிருந்தது, வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஹைதராபாத் வந்து இறங்குகிறவரை நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டிருந்தேன்.

டப்பாவை அவள் கேட்கவில்லை, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை. என் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது. சீனி தீர்ந்ததும் அதில் எள் வாங்கிப் போட்டு வைத்தேன். சம்பந்தி குஷாய்குடா பக்கம் வருகிறாள் என்று தெரிந்தால், முதல் வேலையாக அதைத் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைக்கிறேன்.